வெயிலறிந்து கட்டும் பள்ளிக்கூடம்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, பின்னர் வடக்கே குடியேறியவர்களுள் தம் நிழலைக் கவனித்தவர்கள் சிலரே இருப்பர். சென்னையில் சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆடி முடியும் வரை நண்பகலில் நம் நிழல் தெற்கே விழுகிறது. சூரியன் அப்போது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறான். தில்லியிலோ ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் நிழல் தெற்கே விழுவதில்லை. கடகரேகைக்கு வடக்கே அமைந்த ஊராகையால், அங்கே சூரியன் எப்போதும் தென்திசையில் நின்றே உச்சிப்பொழுதைக் கடக்கிறான். இது வானநூலார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. பள்ளிக்கூடம் கட்டப் புகுவோர் முதன்முதலில் அறிய வேண்டிய செய்தியும் இதுவே.

வெளிமாநிலம் சென்ற தமிழர், கோயிலுக்கு அடுத்தபடியாக எழுப்பியது பள்ளிக்கூடத்தைத்தான். தலைநகரில் நம்மவர் தோற்றுவித்த தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. பம்பாயில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. வேறு பல நகரங்களிலும் நம் சங்கங்கள் சிறிதும் பெரிதுமாகப் பள்ளிகளை நடத்தி வருகின்றன. இவற்றின் குழுக்களில் அமர்ந்திருப்போர் புதிய கட்டடத்துக்கென்று அரும்பாடுபட்டு நன்கொடை திரட்டுகிறார்கள். பணம் சேர்ந்ததும் எத்தனை அறை, எத்தனை மாடி என்ற கேள்விகள் எழுகின்றன. அக்கட்டடம் எத்திசையை நோக்க வேண்டும் என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கேளாமையின் பயனை என் மகன் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நேரிலேயே கண்டேன். மே மாதத்துப் பிற்பகல் ஒன்றில் பெற்றோர் கூட்டத்துக்காக அவனுடைய வகுப்பறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். மேல்மாடி, மேற்கு நோக்கிய அறை, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. வெயிலைத் தாங்க மாட்டாமல் கண்ணாடி முழுவதும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதனால் அறை இருண்டது. பட்டப்பகலில் ஆறு விளக்குகள் எரிந்தன. நான்கு மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுழன்று, கூரையிலிருந்து இறங்கிய அனலையே திரும்பத் திரும்ப எங்கள் மேல் வீசின. அந்த இரைச்சலுக்கு மேல் ஆசிரியையின் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. கூட்டத்தின் முடிவில் அறைக்கு இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள் வாங்கப் பெற்றோர் பணம் தர வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அக்கட்டடத்தை வரைந்த நாளில், காகிதத்தைக் கால்வட்டம் திருப்பி வைத்து வரைந்திருந்தால், இத்துன்பத்தின் பெரும்பகுதி நேர்ந்திராது. அதற்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகியிராது.

திசையே முதற் சிக்கனம்

எரிசக்திச் சிக்கனம் என்றதும் சூரிய மின்பலகைகளும் புதுமையான இயந்திரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் பின்னால் வருபவை. கட்டடத்தின் நீளவாக்கு எத்திசை நோக்கியது, சன்னல் எங்கே, சுவர் எதனாலானது என்னும் மூன்றும் முதல் செங்கல் வைக்கப்படுமுன்பே தீர்மானமாகிவிடுகின்றன. பள்ளி நிற்கப்போகும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கும் அதன் மின்கட்டணம் அந்நாளிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது எனலாம்.

தில்லியை எடுத்துக்கொள்வோம். ஜூன் 21ஆம் நாள் நண்பகலில் அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 85 டிகிரி உயரத்தில் நிற்கிறான். அதாவது, ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. டிசம்பர் 21ஆம் நாளிலோ 38 டிகிரி உயரமே ஏறுகிறான். ஆகவே, தெற்கு நோக்கிய சன்னலின் தலைப்பில், கொத்தனார்கள் ‘சன்ஷேடு’ என்று கூறும் தடுப்பை 2 அடி நீட்டினால், ஜூன் நண்பகல் வெயில் சன்னலைத் தொடாது. அதே தடுப்பு டிசம்பரில் சன்னலின் மேற்பகுதியில் ஒன்றரை அடியை மட்டுமே மறைக்கும். எஞ்சிய பகுதி வழியே இதமான வெயில் அறைக்குள் வரும். கோடையில் வேண்டாத வெயிலைத் தடுத்து, குளிரில் வேண்டிய வெயிலை உள்ளே விடும் இக்கருவிக்கு மின்சாரமும் வேண்டா, பழுதுபார்ப்பவரும் வேண்டா.

கிழக்கு மேற்குச் சன்னல்களுக்கு இவ்வுபாயம் பயன்படாது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால், வெயில் தடுப்பின் கீழே புகுந்து நேராக மாணாக்கரின் முகத்தில் அடிக்கும். ஆதலின் கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, வகுப்பறைச் சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைவது நன்று. கோடையில் சூரியன் வடகிழக்கே எழுந்து வடமேற்கே மறைவதால், வடக்குச் சன்னல்களுக்குப் பக்கவாட்டில் ஒரு குறுஞ்சுவர்த் தடுப்பு இருந்தால் போதும். மாடிப்படி, பண்டக அறை, கழிப்பறை ஆகியவற்றை மேற்குக் கோடியில் வைத்தால், பிற்பகல் அனலை அவை தாங்கிக்கொள்ளும்.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. அரசனுக்கு மனை வகுத்தோர் நண்பகலில் கோல் நட்டு, அதன் நிழல் கொண்டு திசையைத் துல்லியமாகத் தேர்ந்த செய்தி நெடுநல்வாடையில் வருகிறது. இன்று மனை வாங்கும்போது வாஸ்து பார்க்க மறவாத நாம், நிழலைப் பார்க்க மட்டும் மறந்துவிட்டோம்.

லடாக்கில் ஒரு பள்ளி

சூரியனை நம்பியே ஒரு பள்ளியை நடத்த இயலுமா என்று ஐயுறுவோர் லடாக்கைப் பார்க்க வேண்டும். லே நகருக்கு அருகே, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், ஷே என்னும் சிற்றூர் உள்ளது. குளிர்கால இரவுகளில் அப்பகுதியின் வெப்பநிலை உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயும் இறங்குவதுண்டு. விறகு அரிது, எரிபொருள் மலைக்கணவாய்களைத் தாண்டி லாரிகளில் வந்து சேர வேண்டும். அறைகளைச் சூடாக்க வழியின்றி, குளிர்காலத்தில் அங்கே பள்ளிகளை நெடுநாள் மூடிவைப்பது வழக்கம். கட்டடத்தின் குறைபாடு அங்கே பிள்ளைகளின் கல்வி நாட்களையே குறைத்துவிடுகிறது.

அவ்வூரில் 2001இல் திறக்கப்பட்டது ட்ருக் பத்ம கர்ப்போ பள்ளி. வெண்டாமரை என்பது அப்பெயரில் அடங்கிய பொருள். 2009இல் வெளிவந்த ‘த்ரீ இடியட்ஸ்’ என்னும் இந்திப் படத்தின் இறுதிக் காட்சிகளில் தோன்றும் பள்ளி இதுவே. லண்டனிலுள்ள அரூப் நிறுவனத்தார் இதை வடிவமைத்தனர். ஆயினும் கட்டுமானப் பொருள்கள் பெரும்பாலும் உள்ளூரைச் சேர்ந்தவை: வெளிப்புறத்துக்குக் கருங்கல், உட்புறத்துக்குச் சுடாத மண்செங்கல், கூரைக்கு மரமும் மண்ணும்.

இப்பள்ளியை அமைத்தோர், எந்த அறைக்கு எப்பொழுது வெப்பம் வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டனர். வகுப்பறைக்குக் காலையில் வெப்பம் வேண்டும். ஆகவே வகுப்பறைகள் நேர்த் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே திரும்பி, இளவெயிலைப் பெரிய சன்னல்களால் வாங்கிக்கொள்கின்றன. விடுதி அறைக்கு வெப்பம் வேண்டுவது இரவில். ஆகவே அவை தெற்கு நோக்கியவை. அவற்றின் தெற்குச் சுவர் கனத்தது; கருநிறம் பூசப்பெற்று, முன்னே சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடியால் மூடப்பட்டது. பகல் முழுவதும் வெயில் கண்ணாடி வழியே புகுந்து சுவரைச் சுடுகிறது. கனத்த சுவர் ஆதலால் அச்சூடு உள்ளே ஊர்ந்து செல்லப் பல மணி நேரமாகிறது. பிள்ளைகள் உறங்கும் வேளையில் அறையை வந்தடைகிறது. இதனைப் பரப்பிய ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் பெயரால் இது ட்ரோம்ப் சுவர் எனப்படுகிறது.

நீர் அரிதான அவ்வூரில் கழிப்பறைகளும் நீரின்றி இயங்குகின்றன. வெயிலால் சூடேறும் புகைபோக்கி நாற்றத்தை மேலே இழுத்துச் செல்ல, கழிவு மட்கி எருவாகிறது. நில நடுக்கத்தை எண்ணி, கனத்த மண்கூரையைச் சுவரின் மேல் சுமத்தாமல் தனியே ஒரு மரச்சட்டகம் தாங்கும்படி அமைத்திருக்கிறார்கள். 2002இல் இப்பள்ளி உலகக் கட்டடக்கலை விருதுகளுள் மூன்றைப் பெற்றது. ஆயினும், மூடிவைக்க வேண்டிய பருவத்திலும் அறைக்குள் அமர்ந்து படிக்க முடிகிறது என்பதே அதன் உண்மையான பெருமை.

பாலைவனத்தில் ஒரு பள்ளி

லடாக்கில் வகுப்பறைக்குள் வந்து அமரும் பிள்ளைகளே ஒரு கணப்பு ஆகிறார்கள். அமர்ந்திருக்கும் மனித உடல் 70 முதல் 100 வாட் வரை வெப்பத்தை வெளியிடுகிறது. 40 மாணாக்கர் கூடினால் அது ஏறத்தாழ மூன்று கிலோவாட். ஓயாது எரியும் மூன்று மின்கணப்புகளுக்குச் சமம். குளிர்நாட்டில் வரமாகும் இவ்வெப்பம் வெயில்நாட்டில் சுமையாகிறது. அதைக் காற்று வெளியே கொண்டு செல்ல வேண்டும். எவ்வாறு என்பதை அறிய ராஜஸ்தானத்துக்குச் செல்வோம்.

ஜெய்சல்மேர் மாவட்டத்தில் கானோயி என்னும் ஊரில், 50 டிகிரியை நெருங்கும் வெப்பத்துக்கிடையே, 2021இல் ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி தொடங்கப்பெற்றது. பெண்கல்வியில் மிகப் பின்தங்கிய பகுதி அது. வடிவமைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த டயானா கெல்லாக். கட்டியவர் உள்ளூர்க் கல்தச்சர்கள், அவ்வூர்ப் பெண்களின் தந்தையரும் அவர்களுள் உண்டு. கல்லும் அம்மண்ணின் மஞ்சள் மணற்கல்லே.

அக்கட்டடம் முட்டை வடிவானது. நடுவே திறந்த முற்றம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் முற்றத்தைப் போல, சுவர் நிழலில் பிள்ளைகள் அமரவும் ஆடவும் அங்கே இடம் கிடைக்கிறது. வகுப்பறைகளின் தடித்த கல்சுவர் பகல் வெப்பம் உடனே உள்ளே புகாமல் தாமதிக்கிறது. உட்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. உயர்ந்த விதானத்தை நோக்கி வெப்பக்காற்று மேலே செல்கிறது. கல்லைத் துளைத்துச் செய்த பின்னல் தட்டிகள், வடநாட்டார் ‘ஜாலி’ என்று கூறுபவை, வெயிலைத் தடுத்து ஒளியையும் காற்றையும் மட்டும் விடுகின்றன. மாடியில் பந்தல் போல் அமைத்த சூரிய மின்பலகைகள் மின்சாரமும் தருகின்றன, தளத்துக்கு நிழலும் தருகின்றன. பெய்யும் சிறிதளவு மழையும் சேமிக்கப்படுகிறது. அங்கே குளிர்சாதனம் இல்லை.

இவ்விரு பள்ளிகளையும் அப்படியே பார்த்துக் கட்டுவது பேதைமை. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பகுக்கிறது. ஜெய்சல்மேரும் அகமதாபாதும் வறண்ட வெப்பம் உடையவை. அங்கே கனத்த சுவர் நன்று. மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகியவை ஈர வெப்பம் உடையவை; அங்கே இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. அங்கே கனத்த சுவரைவிடக் குறுக்கே ஓடும் காற்றே துணை. எதிரெதிர்ச் சன்னல்களும் அகன்ற தாழ்வாரமும் வேண்டும். பெங்களூரு மிதமானது, நிழலும் காற்றும் இருந்தால் அதற்குப் போதும். லே குளிர் மண்டலம். தில்லி இவற்றையெல்லாம் ஓராண்டுக்குள் காட்டும் கலப்பு மண்டலம். அங்கே திறக்கவும் மூடவும் வசதியுள்ள சன்னல்கள் இன்றியமையாதவை. ஐப்பசி கார்த்திகையில் புகைமூட்டம் சூழும்போது சன்னலைத் திறக்கவே இயலாத நாட்களும் அங்கே உண்டு. அந்நாட்களுக்கெனக் காற்றை வடிகட்டும் ஏற்பாட்டைத் தனியே செய்துகொள்ளத்தான் வேண்டும்.

கூரையும் விசிறியும்

மேல்மாடி வகுப்பின் பகைவன் கூரைதான். மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கிப் பிற்பகலில் உள்ளே இறக்குகிறது. சென்னையில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் இட்டு அடித்து, தட்டோடு பதித்ததன் காரணம் இதுவே. அவ்வளவு செய்ய இயலாவிடினும், தளத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது எந்தச் சங்கத்துக்கும் எட்டும் செலவே. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

இவற்றைச் செய்த பின்னரே இயந்திரங்களின் கணக்குக்கு வர வேண்டும். 20 வகுப்பறைகள், அறைக்கு 4 விசிறிகள் எனக் கொள்வோம். பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். 80 விசிறிகளுக்கு 6 கிலோவாட். நாளுக்கு 6 மணி, ஆண்டுக்கு 200 நாள் எனில், ஆண்டுச் செலவு 7,200 யூனிட். இன்று கிடைக்கும் புதுவகை மோட்டார் விசிறி ஒன்றுக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். அவ்வாறாயின் செலவு 2,880 யூனிட்டாகக் குறையும். இதற்குத் தேவையான மின்சாரத்தைச் சுமார் 4 கிலோவாட் சூரிய மின்பலகைகளே தந்துவிடும். அதற்கு மாடியில் 40 சதுர மீட்டர் இடம் போதும்.

அதே 20 அறைகளுக்கும் ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டிகள் இரண்டிரண்டு வைத்தால், ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோவாட்டாக 60 கிலோவாட் ஆகும். இயந்திரங்கள் இடையிடையே ஓய்வதைக் கழித்தாலும், இதனைச் சூரிய ஒளியால் ஈடுசெய்ய மாடி முழுவதும் பலகை பரப்பினாலும் போதாமற்போகலாம். மேலும், குளிர் வெளியேறாதபடி சன்னல்களை அடைத்த அறையில் நாற்பது பேர் விட்ட மூச்சையே மீண்டும் நாற்பது பேரும் சுவாசிக்க நேரும். மாணவன் கொட்டாவி விடுவதற்குப் பாடம் மட்டுமே காரணமன்று. ஆகவே தேவையைக் குறைப்பது முதலில், மின்சாரத்தை உற்பத்தி செய்வது பின்னர். இவ்வரிசை மாறினால், வாங்கிய பலகைகள் வேண்டாத வெயிலோடு போராடுவதிலேயே தீர்ந்துபோகும்.

மழைநீரின் கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 5,60,000 லிட்டர் நிலத்தடிக்குப் போகும்.

சிக்கனமும் காவலும்

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓலைக்கூரை குளிர்ச்சியானது, மலிவானது, இயற்கைக்கும் உகந்தது. ஆயினும் 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை எந்தத் தமிழரும் மறக்கவொண்ணாது. சத்துணவுச் சமையலறையில் தொடங்கிய தீ, ஓலையைப் பற்றியது. வெளியேறும் வழியோ மிகக் குறுகியது. எத்துணைச் சிக்கனமான வடிவமாயினும், பிள்ளைகள் தடையின்றி வெளியேற இரண்டு மாடிப்படிகளும், வெளிப்புறம் திறக்கும் கதவுகளும், விலகி நிற்கும் சமையற்கூடமும் இல்லையேல் அது நல்ல பள்ளி ஆகாது. காற்றுக்கென வைத்த சன்னலும் அகன்ற தாழ்வாரமும் ஆபத்துக் காலத்தில் உயிர்காக்கும் வழிகளாகவும் அமையலாம். அவற்றை அடைத்துப் பண்டக அறையாக்காமல் இருந்தால் போதும்.

நேயர்களுள் பலர் பள்ளிக் குழுக்களில் இருப்பவர்கள், மற்றவர் நன்கொடையாளர், அனைவரும் பெற்றோர். கட்டட வரைபடம் உங்கள் முன் விரிக்கப்படும் நாளில், முகப்பின் அழகைக் கேட்பதற்கு முன்னே சிலவற்றைக் கேளுங்கள். வகுப்பறைகள் எத்திசை நோக்கியவை? ஜூன் மாதத்து மாலை நான்கு மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழும்? விளக்கேற்றாமல் கடைசி வரிசைப் பிள்ளை கரும்பலகையைப் படிக்க முடியுமா? காற்று எவ்வழி வந்து எவ்வழி போகும்? மின்சாரம் நின்றுபோன நாளில் பாடம் நடக்குமா? தீ நேர்ந்தால் மேல்மாடிப் பிள்ளைகள் எவ்வழியாக இறங்குவர்? இவற்றுக்கு விடை சொல்ல இயலாத வரைபடத்தைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டா. காகிதத்தில் மாற்றுவதற்கு ஒரு வாரம் ஆகும். கட்டிய பின் மாற்ற ஒரு தலைமுறையாலும் இயலாது.

ஏற்கனவே கட்டியாயிற்றே என்போரும் சோர்வுற வேண்டியதில்லை. மேற்குச் சுவரின் முன்னே ஒரு வேம்பும் புங்கும் நடலாம், மாடிக்கு வெள்ளையடிக்கலாம், சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டலாம். வெயிலைக் கண்ணாடிக்கு உள்ளே திரையிட்டு மறைப்பதைவிட வெளியே நிறுத்துவது பன்மடங்கு நன்று. உள்ளே நுழைந்துவிட்ட வெப்பத்தைத் திரை திருப்பி அனுப்பாது.

என் மகனின் வகுப்பில் இப்போது வேறு பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிகள் வந்துவிட்டன. பழுப்புக் காகிதம் அவ்வாறே இருக்கிறது. சென்ற ஆண்டு அப்பள்ளியின் பின்புறம் மற்றொரு கட்டடத்துக்கு மனை அளந்தார்கள். பெற்றோர் சிலர் கூடிக் குழுவினரைச் சந்தித்து, நண்பகலில் அம்மனையின் நடுவே ஒரு கோலை நட்டு அதன் நிழலைப் பார்க்கும்படி வேண்டினோம். பொறியாளர் முதலில் புன்னகை செய்தார். பிறகு கோலை நட்டார். புதிய கட்டடம் கிழக்கு மேற்காக எழுந்துகொண்டிருக்கிறது.